லூயி-பிளாங் தெருவில் மாமனும் மருமகனும்

தவரத்தினத்துக்கு லூயி-பிளாங் தெருவில் ஆட்டிறைச்சிக் கடை. நல்ல இறைச்சி, கெட்ட கோபம் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அவருடைய கைக்குப் பயந்துதான் மனைவி பிள்ளைகளோடு லெ பிளாங்-மெனில் என்ற புறநகருக்குப் போய்விட்டார். கடையில் கூட நின்றவன் தங்கை தில்லைநாயகியின் மகன் சஞ்சீவன். அவனுக்கு இருபத்தாறு வயது.

சஞ்சீவனுக்குக் கடை வெறுத்துப்போயிருந்தது. ஸ்டேஷன் பக்கம் பெரிய உணவகம் ஒன்றில் ஆள் தேவைப்பட்டது. அதன் முதலாளி தவரத்தினத்தின் கூட்டாளி. "மாமா, எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கோ" என்று கேட்டான். மாமா போய்ச் சொன்ன வார்த்தை வேறு. வேலைக்கு உதவாதவன், எடுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தார். அவன் போய்விட்டால் கடையில் யார் நிற்பது என்பதுதான் அவருடைய கவலை.

விஷயம் சஞ்சீவன் காதுக்கு எட்டியது. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது வந்து கேட்டான். தவரத்தினம் கத்தி தீட்டும் இரும்புக்கோலால் அவன் வாயில் ஓங்கி அடித்தார். முன்பல் ஒன்று உடைந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. இரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் போனான்.

சில நாள் கழித்து ஞாயிறு மத்தியானம், தவரத்தினம் தன் கட்டிட வாசலில் கதவு திறக்கும் கோட் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தபோது முதுகில் யாரோ குத்தியது போல இருந்தது. குத்துத்தான். திரும்பினார். அடுத்தது வயிற்றில் இறங்கியது. கத்தியை வெறுங்கையால் பிடித்தார். எதிரில் நின்றவன் அதை உருவி இழுத்தபோது இரண்டு விரல்கள் எலும்பு வரை வெட்டுப்பட்டன. எலும்பிலிருந்து இறைச்சி கழற்றும் அவருடைய கடைக் கத்தி. அதைப் பிடித்திருந்தவனின் முகத்தையும் பார்த்தார். பிறகு வாசற்படியில் சரிந்து விழுந்தார்.

குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்த கட்டிடக் காவலாளி அலெக்சிஸ்தான் கண்டது. தன் சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கத்தினார்.

தவரத்தினம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலருகே தில்லைநாயகி நின்றாள்.

"அண்ணை, பொலிஸ் வருவாங்கள். முகம் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ. எனக்கு அவன் ஒருத்தன்தான்."

அவர் அப்படியே சொன்னார். ழான்-லூக் என்ற அதிகாரி நம்பாத முகத்தோடு எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் இம்மாகுலேற் அம்மையார் வந்தார். பாண்டிச்சேரிக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதே கட்டிடத்தில் மூன்றாம் மாடி. மாதா கோயில் இசைக்குழுவில் வயலின் வாசிப்பவர். உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டார்.

"உங்களைப் பாத்ததும் எனக்கு லெக்லேர் ஞாபகம் வந்துடுச்சு. ழான்-மரி லெக்லேர். பெரிய வயலின்காரரு, வயலினுக்கு நிறைய இசை எழுதினவரு. நாங்க இப்பக்கூட வாசிக்கிறோம். இப்ப கனால், அந்த வாய்க்கால் இருக்கே, அதுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் வீடு. பெண்சாதியைப் பிரிஞ்சு தனியா இருந்தாரு. ஆயிரத்து எழுநூத்து அறுபத்து நாலுல அவரு வீட்டுலேயே குத்திப் போட்டுட்டாங்க."

"ஆர் குத்தினது?"

"மருமவன்னுதான் சொல்றாங்க. தங்கச்சி மவன். பெரிய இடத்துல வேலைக்கு மாமா சிபாரிசு பண்ணலைன்னு அவனுக்கு ஆத்திரம்."

தவரத்தினம் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். முதுகுக் காயம் விண்விண் என்று தெறித்தது.

"அவனுக்கு என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. விசாரிச்சாங்க, விட்டுட்டாங்க. ஆனா பொணத்தைக் கண்ட தோட்டக்காரன் மேல சந்தேகப்பட்டாங்க, பாவம். இப்ப நம்ம அலெக்சிஸையும் அப்படித்தானே பிடிச்சு வச்சிருக்காங்க."

"அலெக்சிஸையோ? ஏன்?"

"சட்டையெல்லாம் ரத்தம். போன மாசம் கடை எலும்பைத் தொட்டியில கொட்டாதீங்கன்னு சொன்னதுக்கு நீங்க அவரைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினீங்களே, அதை யாரோ சொல்லிட்டாங்க."

அவர் போனதும் தவரத்தினம் தங்கைக்கு அழைத்து, மகனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

சஞ்சீவன் கதவோரம் நின்றான். உதடு இன்னும் வீங்கியிருந்தது.

"நீயாப் போய்ச் சொல்லு" என்றார் தவரத்தினம். "அந்த மனுசன் உள்ளுக்கை இருக்கிறான்."

"அவன் வெள்ளைக்காரன், விட்டிடுவாங்கள். என்ரை பல்லை உடைச்ச உங்களை ஆர் உள்ளுக்கை போட்டது?"

"ஓம், உடைச்சனான். அதையும் போய்ச் சொல்லு. நீ போகாட்டி நான் சொல்லுவன்."

சஞ்சீவன் ஒரே எட்டில் கட்டிலுக்கு வந்து, போர்வைக்கு மேலாக வயிற்றுக் காயத்தில் முஷ்டியால் குத்தினான். மறுபடி குத்தினான். தையல் பிரிந்து இரத்தம் துணிகளில் ஊறியது. தில்லைநாயகி அவனுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தாள். பிறகு, தாதிகள் ஓடிவரும் சத்தம் கேட்டதும், அவளே அவனைக் கதவுக்கு வெளியே தள்ளினாள்.

"ஓடு" என்றாள்.

திரும்பத் தைத்த பிறகு தவரத்தினம் ழான்-லூக்கை வரவழைத்தார். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "மொன் நெவெ" என்றார். என் மருமகன். பெயரையும் சொன்னார்.

அலெக்சிஸை அன்றைக்கே விட்டார்கள். சஞ்சீவன் ஆர்ஜொந்தெய் என்ற ஊரில் ஒரு நண்பன் வீட்டில் இருந்தான். பொலிஸ் கதவை உடைத்தபோது பல்கனியால் குதித்துக் குதிகாலை நொறுக்கிக்கொண்டான். இப்போது சிறையில் இருக்கிறான். நொண்டித்தான் நடக்கிறான் என்று கேள்வி.

தவரத்தினம் கடைக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, தில்லைநாயகி உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. வெட்டுக்கட்டையில் கிடந்த கத்தியை எடுத்து, இறைச்சி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை ஓங்கி வெட்டினாள். கண்ணாடி சிதறி இறைச்சி முழுக்கப் பரவியது. வந்திருந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். அவள் அடுத்த கண்ணாடியையும் உடைத்தாள்.

தவரத்தினத்தின் கை தன்பாட்டில் மேலே எழுந்தது. மடங்காத இரண்டு விரல்களோடு அது அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் அதைக் கீழே இறக்கி, ஏப்ரனில் துடைத்துக்கொண்டார்.

"உடை" என்றார். "கால் கவனம், கீழை முழுக்கக் கண்ணாடி."

அவள் கத்தியைப் போட்டுவிட்டு, கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டே வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருப் பக்கமே வந்ததில்லை.