அத்தாவின் ஜனாஸாவில் நான் சொன்ன சொல்

துபாய் விசாவுக்காக, தொண்டியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் சாகுல் காக்காவிடம் கடன் வாங்கினேன். அங்கே வேலை நிலைக்கவில்லை, வெறுங்கையோடு திரும்பினேன். அதன் பிறகு ஒவ்வொரு தொழுகையிலும் கடன் தீரக் கேட்கும் துஆவை அழுதழுது ஓதினேன். அதையும் காக்கா தொழும் பள்ளிவாசலில் ஓதவில்லை. அவர் கண்ணில் படாமலிருக்க நாலு தெரு தள்ளி வேறு பள்ளிக்குப் போனேன்.

போன வருடம் அத்தா மவுத்தானார். ஜனாஸா தொழுகைக்கு முன்னால், வழக்கப்படி மகன் நான் எழுந்து சத்தமாகச் சொன்னேன்.

"எங்கத்தா யாருக்காச்சும் கடன் தரவேண்டியிருந்தா எங்கிட்ட கேளுங்க. நான் பொறுப்பு."

முன் வரிசையில் நின்ற காக்கா, அடக்கிவிட்டுத் திரும்பும்போது என் கையைப் பிடித்தார்.

"ஒங்கத்தா யாருக்கும் கடன் வைக்கலப்பா. நாளைக்கு ஒன் ஜனாஸால இப்படி எந்திரிச்சு சொல்ல வேண்டிய ஒம் மகன் இப்பத்தான் ரெண்டாவது படிக்கிறான்."

மறுநாளே போய்த் தவணை கேட்டேன்.

"மொதல்லயே வந்து கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லிருப்பேன்?" என்றார்.

அல்லாஹ்விடம் அத்தனை அழுத எனக்கு, அதுவரை இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

இப்போது மாதம் தவறாமல் கொடுத்துவருகிறேன். அவர் பள்ளியில்தான் தொழுகிறேன். ஸலாம் சொன்னால் பதில் சொல்கிறார்; என் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை.