பட்டனுக்கு வெட்டிய பனியன்

நாயைக் கூட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கப் போகிற தொண்டில் இருப்பவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும்: நாயின் பெயரை வார்டே சொல்லும், கயிற்றைப் பிடித்திருக்கிற நம் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. வாரத்தில் ஆறு நாள் நான் பனியன் கம்பெனியில் செக்கிங். ஞாயிறு மட்டும் பட்டனுக்கு அசிஸ்டெண்ட். பட்டன் லேப்ரடார் கலப்பு, பரம சாது.

வாசலிலேயே

அனுப்பர்பாளையம் பக்கம், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மையம் அது. முதல் நாள் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே இல்லை. நாயைத் தொட்டுத் தடவினால் நோயாளிக்குக் கை பழகும், மனசு தேறும் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அத்தனையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த மனுஷன் சொன்னார்:

"மாட்டாஸ்பத்திரி அடுத்த வீதிங்க."

குறட்டை

கடைசியில் மையத்து டாக்டரம்மாவே வந்து உள்ளே விட்டு, ஒரே ஒரு நோயாளியைக் காட்டினார். பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் ஆறுமுகம் அண்ணன். வலது கை, கால் விழுந்து அஞ்சு மாசம். பேச்சு குழறுகிறதே என்ற வெட்கத்தில் வாயைத் திறப்பதில்லை. கையைத் தூக்கச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்படியே விட்டால் கை மடங்கியபடியே நின்றுவிடும் என்று டாக்டரம்மாவுக்குக் கவலை. நாலு ஞாயிறு தருகிறேன், அவர் கொஞ்சமாவது அசைந்தால் நாய் வரலாம், இல்லையென்றால் அதோடு சரி என்றார்.

முதல் இரண்டு ஞாயிறும் அண்ணன் சுவரைப் பார்த்தார். பட்டன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக் குறட்டை விட்டது. என் மானம் கப்பலேறியது. அண்ணனின் மனைவி சரசாள் அக்காதான் ஆறுதல் சொன்னார்:

"உடுங்க அம்மிணி, எங்க ஊட்டுக்காரருக்குத் தோதான ஆளுதான் வந்திருக்குது."

என் கைவண்ணம்

முடி கொட்டுகிறது, நாய்க்கு ஏதாவது மாட்டிவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. இவ்வளவுதானே என்று ஒரு துண்டு பனியன் துணியை எடுத்து நானே வெட்டித் தைத்தேன். பத்து வருஷம் அடுத்தவர் தைத்ததில் குற்றம் கண்டுபிடித்தவள் இல்லையா, அந்தத் திமிர். பனியன் துணி அகலவாக்கில்தான் நன்றாக இழுபடும். நான் மாற்றிப் போட்டு வெட்டிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு பனியன் நெஞ்சை இறுக்கிப் பிடிக்க, பட்டன் அடி அடியாக அளந்து நடந்து வந்தது.

அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம் முழுசாகத் திரும்பினார். உதடு துடித்தது. தண்ணிக்குத்தான் என்று அக்கா டம்ளரோடு ஓடிவந்தார். அண்ணன் அதை ஒதுக்கிவிட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கிப் பட்டனின் முதுகில் வைத்தார். வலது விரல்கள் மெல்ல மெல்லத் துணியைக் கிள்ளி இழுத்துப் பார்த்தன. நிறுத்தி நிறுத்தி, குழறலோடு கேட்டார்:

"யாரு... வெட்டுனது? துணியக் குறுக்கப் போட்டு வெட்டியிருக்குது."

அக்கா அழுதுவிட்டார். நானும்தான், எனக்கென்ன வெட்கம்.

நாலாவது ஞாயிறு

துணி, டேப், சாக்பீஸ் எல்லாம் கொண்டுபோனேன். அண்ணன் எனக்கு வேலை ஏவ ஆரம்பித்துவிட்டார். நெஞ்சளவு எடுக்க வலது கை பட்டனைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. போயிற்று. சாக்பீஸ் கையில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. விழுந்தபோதெல்லாம் எடுத்துக் கொடுக்கச் சொல்லி, மறுபடி மறுபடி பிடித்தார். கோடு பாம்பு மாதிரி நெளிந்தது, ஆனால் அவர் வலது கையால் போட்ட கோடு. பட்டன் ஒரு பிஸ்கட்டுக்கு ஆசைப்பட்டு அசையாமல் நின்றது.

டாக்டரம்மா வாசல்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்றோடு கெடு முடிகிறதே, அடுத்த ஞாயிறு வரலாமா என்று பயந்து பயந்து அவரிடம் கேட்டேன். அவர் வாயைத் திறக்கும் முன்னால் கட்டிலில் இருந்து பதில் வந்தது:

"வரோணும். ஒண்ணு பத்தாதுங்க டாக்டரம்மா... தொவச்சு மாத்தறதுக்கு இன்னொண்ணு வெட்டோணும்."

ஆறு மாசம் பாடுபட்டு நாயைப் பழக்கினேன். அண்ணனைப் பேச வைத்தது என்னவோ எனக்குத் துணி வெட்டத் தெரியாததுதான்.