காயம் ஆறும்வரை ஒரே தொகை

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குத் துக்கத்துக்கு முன்னால் பொறாமை வருகிறது. நான் அவருக்கு ஒரே தங்கை. அவர் எனக்கு மட்டும் அண்ணனாக இருந்ததே இல்லை.

அண்ணன் பிறந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பா இறந்ததும், அவர் வேலைக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு அடுத்த ஸ்டேஷனான அண்ணனூரில் ஒற்றை அறைக்கு வந்தோம். பத்தொன்பது வயதில் அண்ணன் அம்பத்தூரில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். தகடு வெட்டும் இயந்திரம் விரலையும் வெட்டும். பதிவேட்டில் பெயர் ஏறாத ஆட்கள், ஈ.எஸ்.ஐ. கிடையாது. அடிபட்டால் பக்கத்திலிருக்கும் தனியார் மருத்துவமனைதான் கதி. அவர்களைக் கூட்டிப்போவதும் கட்டணம் பேசுவதும் அண்ணனின் வேலையாயிற்று. யாரும் கொடுக்காத வேலை.

தையலுக்கு இவ்வளவு, கட்டுக்கு இவ்வளவு என்று அவர் பிரித்துப் பேசமாட்டார். காயம் ஆறும்வரை ஒரே தொகை. ஒவ்வொரு கட்டுக்கும் காசு என்றால் இரண்டாவது கட்டோடு ஆள் நின்றுவிடுவார், சீழ் பிடித்துப் பக்கத்து விரலும் போகும். அவர் கண்ணால் பார்த்தது. மருத்துவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடிபட்டவரைத் தோள் தொட்டு எழுப்பி, "சரி சார், நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்பார். கதவைத் தொடுவதற்குள் மருத்துவர் கூப்பிட்டுவிடுவார். அந்தத் தொகையை முதலாளியிடம் வாங்குவது அடுத்த சண்டை.

அத்தோடு விட்டாரா? ஒருநாள் விட்டு ஒருநாள், ஷிப்ட் முடிந்ததும் கட்டு மாற்ற அவரே அழைத்துப்போனார். மொபெட்டின் பின்சீட்டு என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதில் எப்போதும் ஒரு வெள்ளைக் கட்டு உட்கார்ந்திருக்கும். நான் டியூஷனுக்கு நடந்தே போனேன். எனக்கும் ஒரு விரல் போனால்தான் ஏற்றிக்கொள்வாயா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் பின்சீட்டு காலியாக இல்லை.

பல வருடங்கள் கழித்து, காட்டுப்பாக்கம் திருப்பத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து என் முழங்கால் உடைந்தது. வலிக்கு நடுவிலும் உள்ளூர ஒரு சந்தோஷம்: இன்று எனக்காகப் பேசுவார். மருத்துவர் தொகையைச் சொன்னார். அண்ணன் வாய் திறக்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். "ஊருக்கெல்லாம் பேசுற, எனக்குன்னா ஒரு வார்த்த வராதா?" என்றேன். "சும்மா படு" என்றார். முட்டி மூன்று மாதத்தில் கூடியது. அந்த இரண்டு சொல் உள்ளேயே தங்கிவிட்டது.

பிறகு சர்க்கரை வியாதியில் அண்ணனின் காலே புண்ணாயிற்று. முகப்பேரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். கட்டணம் பேச நான் முன்னால் போனேன். கூட வந்திருந்தவர் பட்டறையில் அடிபட்ட செல்வம்; வலக்கையில் மூன்று விரல் மிச்சமிருப்பது அண்ணனால். அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"நீ வெளிய குந்துமா. சொந்தக்காரங்க பேசக் கூடாது."

"எங்க அண்ணனுக்கு நான் பேசக் கூடாதா?"

"வேற எடம் பாத்துக்கிறோம்னு எழுந்துக்கணும்ல? உன்னால முடியுமா? உன் முட்டி ஒடஞ்சப்போ அண்ணாத்தயாலயே முடியல. நாக்கு வரலடான்னு என்னாண்ட சொல்லி அழுதாரு."

அந்த இடத்தில் என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. எனக்காக அழுத அழுகையைக்கூட இவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாரே என்று எரிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தமும், செல்வத்தை மறுபடி உட்காரச் சொல்லும் மருத்துவரின் குரலும் கேட்டன.

கடைசி நாட்களில் முறைவைத்து வந்து அண்ணனைத் திருப்பிப் படுக்கவைத்தவர்கள் செல்வமும் பட்டறை ஆட்களும்தான். நான் தொட்டால் முனகியவர், விரல் குறைந்த அந்தக் கைகளில் முனகாமல் புரண்டார்.

சிகிச்சையளித்த மருத்துவருக்கும், செவிலியருக்கும், தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்வத்துக்கும் பட்டறை நண்பர்களுக்கும் நன்றி எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பட்டறை நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அண்ணன் என்னைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, உங்களிடம் பேசியிருக்கிறார். வீட்டுக்கு வாருங்கள். அவர் சொன்னதில் ஆளுக்கு ஒன்றாவது சொல்லிவிட்டுப் போங்கள். அது எனக்குச் சேரவேண்டியது.