பதினாலு மாவும் ஒரு கப்பலும்

1981 ஜூலை 19 – பாஸ்போர்ட் போட்டோ, இருவருக்கும், எட்டுப் பிரதி – ரூ. 18.00
ஆகஸ்ட் 3 – பாஸ்போர்ட் மனு, பதிவுத் தபால் – ரூ. 6.40
செப்டம்பர் 11 – டிரங்குப் பெட்டி, கும்பகோணம் – ரூ. 145.00
அக்டோபர் 9 – கோட்டுத் துணி, தையற்கூலி – ரூ. 231.75
நவம்பர் 20 – லாரி டியூப், பழசு – ரூ. 12.00
டிசம்பர் 7 – வக்கீல் பீஸ், ஸ்டாம்பு, டைப் கூலி – ரூ. 187.50
1982 பிப்ரவரி 11 – பம்பாய் ரயில் டிக்கெட் ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததில் பிடித்தம் – ரூ. 21.00

ஒரு மனிதன் உலகத்தைச் சுற்றாமல் வீட்டில் இருப்பதற்கு ஆன செலவு இது.

அந்த மனிதர் நாகேஸ்வரன். பாபநாசம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஊர் பாபநாசத்துக்கு இரண்டு கல் தள்ளி. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எழுதுவதற்குச் சங்கம் இல்லாமல் போனதால் வீட்டை எழுத ஆரம்பித்தார். பாலுக்கு உறை ஊற்றிய நேரம், பல்பு மாற்றிய தேதி, மைத்துனி வந்தது, போனது எல்லாம் பதிவாகும். "இந்த மனுஷர் கடைசி மூச்சையும் மணி பார்த்துக் குறிச்சுட்டுத்தான் விடுவார்" என்பது மனைவி மதுரத்தின் கணிப்பு.

சமாச்சாரம் சாமாவின் கடிதத்தில் தொடங்கியது. ஒரே பிள்ளையான சாமா சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தான். ஊழியர்களின் குடும்பத்துக்குக் கால் கட்டணத்தில் ஒரு சலுகை வந்திருந்தது. பம்பாயில் ஏறினால் கிழக்கே போய், பூமியை ஒரு சுற்றுச் சுற்றி, மேற்கிலிருந்து மறுபடி பம்பாயிலேயே இறங்கலாம். நூற்று நாலு நாள். பிப்ரவரி பதினாலாம் தேதி புறப்பாடு. பணம் அவன் கட்டிவிடுவான். 'அம்மா இதுவரை பார்த்த பெரிய தண்ணீர் குடமுருட்டி ஆறுதான்' என்று கடைசி வரியில் எழுதியிருந்தான்.

மதுரம் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "ஏன்னா, போவோம்" என்றாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் தானாகப் போவோம் என்று சொன்ன முதல் இடம் உலகம்.

நாகேஸ்வரன் ஒத்துக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது. தை மாதத்தோடு சம்பா அறுப்பு முடியும். ஜூனில்தான் மேட்டூரில் தண்ணீர் திறப்பார்கள். நடுவில் உள்ள இடைவெளியில் நூற்று நாலு நாள் கச்சிதமாக உட்காருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் அவருக்கு மனம் சமாதானமாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் ஒரு நாளும் உழுததில்லை. அவருடைய பதினாலு மா நிலத்தை, அதாவது ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவானதை, இருபத்தைந்து வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர் ரெத்தினம். நாகேஸ்வரன் செய்தது வரப்பில் குடை பிடித்து நின்றது. தான் நிற்காவிட்டால் நெல் எந்தப் பக்கம் முளைப்பது என்று தெரியாமல் தவிக்கும் என்று அவர் உள்ளூர நம்பினார்.

முடிவு எடுத்தாயிற்று என்றால் ஏற்பாடுகளில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குளிர் தேசங்களுக்கு ஒரு கம்பளிக் கோட்டு வேண்டும். பாபநாசத்தில் தையற்கடை வைத்திருந்த முகம்மது யூசுப் அதுவரை கோட்டு தைத்ததில்லை.

"உள்பக்கம் எத்தனை பை வைக்கணுங்க?"

"ஏழு. பாஸ்போர்ட்டுக்கு ஒண்ணு, மாத்திரைக்கு ஒண்ணு, பேனாவுக்கு, கண்ணாடிக்கு, விபூதிக்கு..."

"ஐயா, இத்தனை பை வச்சா நீங்க உள்ள போக இடம் இருக்காதுங்களே."

இருக்கவுமில்லை. கோட்டை மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் நெல் மூட்டையின் காதுகள் மாதிரி விறைத்து நின்றன. தை பிறக்கட்டும், உடம்பு இளைத்துவிடும் என்று வாங்கி வந்தார்.

அடுத்தது கடல் மயக்கம். கூடத்து ஊஞ்சலில் படுத்துப் பழகினால் கப்பல் ஆட்டம் ஒன்றும் செய்யாது என்று எங்கோ படித்திருந்தார். மதுரம் அப்பளம் இட்டுக்கொண்டே கால் கட்டைவிரலால் ஊஞ்சலை ஆட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்ட மோர்க்குழம்பு அப்படியே திரும்பி வந்தது.

"இது எந்தக் கடல்னா?" என்றாள் மதுரம், தரையைத் துடைத்துக்கொண்டே.

நீச்சலுக்கு ரெத்தினம் வந்தார். கும்பகோணத்தில் ஒரு பழைய லாரி டியூபை வாங்கி, காற்றடைத்து, நாகேஸ்வரனை அதற்குள் நுழைத்து, இடுப்பில் தாம்புக்கயிறு கட்டி, நவம்பர் மாதக் குடமுருட்டியில் இறக்கினார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கரையில் உட்கார்ந்துகொண்டு பேசியும் கொண்டிருந்தார்.

"காலை உதைங்கய்யா. சைக்கிள் மிதிக்கிறாப்பல."

"எனக்குச் சைக்கிள் தெரியாதே!"

"அப்பச் சரி. சும்மா மிதங்க. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்கய்யா. இங்க எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

ரெத்தினம் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்று மாலை பஸ் நிறுத்தத்து டீக்கடையில், இரட்டை இலை வரைந்த சுவரில் சாய்ந்தபடி நாகேஸ்வரன் இதை இராஜாங்கத்திடம் சொன்னார். இராஜாங்கம் அவருடன் சங்கத்தில் வேலை பார்த்தவர்; எந்த நல்ல சேதியிலிருந்தும் ஒரு கெட்ட சேதியை எடுத்துக் கொடுக்கக்கூடியவர்.

"பாத்துக்கிறேன்னா சொன்னான்?"

"ஆமாம்."

"போச்சு. பதினாலு மாவும் போச்சு. மேலத்தெருவுல ஒருத்தர் பேத்தியைப் பாக்க மெட்ராஸ் போனாரே, என்ன ஆச்சு? திரும்பி வந்து பார்த்தா தாலுக்காபீஸ்ல நிலம் குத்தகைக்காரன் பேர்ல பதிவாகியிருக்கு. அவர் போனது முப்பது நாளு. நீங்க போறது நூத்திநாலு. அதுவும் ஒரேடியா பூமிக்கு அந்தப் பக்கம்!"

சட்டம் அப்படித்தான் இருந்தது. சாகுபடி செய்கிறவன் தன் பேரைப் பதிந்துகொள்ளலாம். பதிந்துவிட்டால் அவனை அசைக்க முடியாது. பத்து வருஷத்துக்கு மேலாக ஜில்லா முழுக்க இதே பேச்சு. கூலித் தகராறு, வயல் நடுவே கொடி, போலீஸ் ஜீப். ரெத்தினம் மட்டும் இதுவரை பதிந்துகொள்ளவில்லை. வருஷா வருஷம் நெல் அளந்தார், வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ரெத்தினம் செய்த ஒவ்வோர் உதவியும் நாகேஸ்வரனுக்கு ஒரு சாட்சியமாயிற்று. டிரங்குப் பெட்டிக்குக் கயிறு திரித்துக் கொடுத்தார்: அனுப்பிவைக்க அவசரப்படுகிறார். ரெத்தினத்தின் சம்சாரம் அம்சம் கப்பலில் வாய்க்குப் பிடிக்க நார்த்தங்காய் கொண்டு வந்து கொடுத்தாள்: குடும்பமே உடந்தை.

ஆகவே புறப்படும் முன் நிலத்துக்கு ஒரு பூட்டுப் போட முடிவு செய்தார். கும்பகோணத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தார். மனுதாரர் உலகப் பிரயாணம் செய்யும் நூற்று நாலு நாளும் ஊரிலேயே இருப்பதாகக் கோர்ட்டு கருத வேண்டும். அந்தக் காலத்தில் எதிர்மனுதாரர் எந்தப் பதிவும் செய்யக் கூடாது. மனுவின் சாரம் இது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இதைப் போடுவது என்று வக்கீல் தலையைச் சொறிந்தார். விவரம் குறையக் கூடாது என்று நாகேஸ்வரன் தன் கைப்படப் பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தார். சர்வே நம்பர், நாலு எல்லை, 1956 முதல் ரெத்தினம் எந்த வருஷம் எத்தனை கலம் அளந்தார் என்பது வரை ஒன்று விடவில்லை. டைப் அடித்தவர் பாராட்டினார். இத்தனை சுத்தமான மனுவை அவர் பார்த்ததில்லையாம்.

குத்தகைக் கோர்ட்டு விசாரணைக்குத் தேதி கொடுத்தது. பிப்ரவரி 17. கப்பல் புறப்பட்டு மூன்றாம் நாள்.

தேதி போட்டு வந்த நோட்டீஸை வைத்துக்கொண்டு நாகேஸ்வரன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மதுரம் புளிக்காய்ச்சலை ஜாடியில் அடைத்துத் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாய்தாவுக்கு வக்கீல் போனாப் போறாதா?"

"நான் நேர்ல நிக்கலைன்னா தள்ளுபடி ஆயிடும்."

"ஆகட்டுமே. அந்த மனு இல்லாமத்தானே இத்தனை வருஷம் அவன் நெல் அளந்தான்?"

"உனக்குப் புரியாது மதுரம். நாம அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் நிலம் போயிடும்."

"நிலம் எங்கேயும் போகாதுன்னா. நாமதான் போகலை. இத்தனை வருஷமா."

அவர் அடுத்த கப்பலில் பார்த்துக்கொள்ளலாம் என்று முனகினார். சலுகை இந்தக் கப்பலுக்கு மட்டும் என்று சாமா எழுதியிருந்தது இருவருக்கும் தெரியும். மதுரம் துணியின் முடிச்சை இறுக்கினாள்.

"சரி, அப்ப நான் போறேன்."

அடுப்படிக்குப் போகிறாள் என்று நினைத்து நாகேஸ்வரன் தலையாட்டினார். அவள் அன்றே திருச்சியிலிருந்த தங்கை ஆனந்தத்துக்குத் தந்தி கொடுத்தாள். ஆனந்தம் பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பெண் மலேசியாவில் இருந்ததால் பாஸ்போர்ட் தயாராக வைத்திருந்தாள். டிக்கெட்டில் பெயர் மாற்ற சாமா சிங்கப்பூரில் யார் யார் காலில் விழுந்தானோ தெரியாது. பிப்ரவரி 11ஆம் தேதி அக்காவும் தங்கையும் ரயில் ஏறினார்கள். நாகேஸ்வரன் தன் பம்பாய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருபத்தொரு ரூபாய் பிடித்துவிட்டான் என்ற வருத்தத்தோடு வீடு திரும்பினார். பெரிய வருத்தம் ஒன்று அதற்கு அடியில் இருந்தது. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 17 காலை கும்பகோணம் பஸ்ஸில் மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். வேறு சீட்டு காலியில்லை. கோர்ட்டில் ஒத்திவைத்தார்கள். மார்ச்சில் மறுபடி போனார்கள், மறுபடி ஒத்திவைத்தார்கள். மூன்றாவது வாய்தாவுக்குள் ரெத்தினம் ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துப் பழகியிருந்தார்.

"அம்மா இப்ப எங்கய்யா இருக்காங்க?"

"ஹோனலூலு தாண்டியிருப்பா."

"அது எந்தப் பக்கம்?"

"கிழக்கே போனாலும் வரும். மேற்கே போனாலும் வரும்."

"அப்ப இந்த பஸ்ஸு போற பக்கமே நேராப் போய்க்கிட்டு இருந்தா வந்துடுமா?"

"வரும்."

"பேசாம இறங்காமப் போயிடுவமாய்யா?"

நாகேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டார்.

"ரெத்தினம், உண்மையைச் சொல்லு. என்னைக் கப்பல் ஏத்த நீ ஏன் அத்தனை பாடுபட்டே?"

ரெத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்கக் கூடாது. நீங்க வரப்புல குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னா வேலை செய்யற பொம்பளைங்க வாயே திறக்க மாட்டேங்குதுங்க. சிரிப்பு இல்ல, பேச்சு இல்ல, எழவு வீடு மாதிரி. நெல்லுக்கப்புறம் உளுந்து எடுக்கிற வரைக்குமாவது கொஞ்சம் கலகலன்னு இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

அன்றே மனு தள்ளுபடியாயிற்று. கடலில் இருப்பவரை ஊரில் இருப்பதாகக் கருதச் சட்டத்தில் இடமில்லை என்றும், மனுதாரர் எதிரிலேயே நிற்பதால் கருத வேண்டிய அவசியமும் இல்லை என்றும் அதிகாரி சொன்னார். வெளியே வந்ததும் ரெத்தினம் இன்னொன்றும் சொன்னார். கூச்சத்தோடுதான் சொன்னார்.

"நோட்டீஸு வந்துச்சுல்லய்யா, அதை விவசாயச் சங்கத்து ஆபீஸ்ல காட்டினேன். படிச்சுட்டு ஒரு தோழர் சிரிச்சாரு. 'அம்பத்தாறுலேருந்து மேற்படி ரெத்தினம் குத்தகை சாகுபடி செய்து வருகிறார்'னு நீங்களே கையெழுத்துப் போட்டு, வருஷா வருஷம் நெல்லுக் கணக்கோட குடுத்திருக்கீங்களாம். இதைவிட ஆதாரம் ஜில்லாவுலயே கிடையாதாம். தாலுக்காபீஸ்ல போன மாசம் பதிஞ்சுட்டாங்க. நான் கேக்கக்கூட இல்லைங்க."

நாகேஸ்வரன் வெயிலில் நின்றார். நிலத்தைக் காவல் காக்கக் கப்பலை விட்டவர், அந்தக் காவலாலேயே நிலத்தை எழுதிக் கொடுத்திருந்தார். அதுவும் பிழையில்லாமல்.

"குத்தகை?" என்றார் மெதுவாக.

"அதுக்கென்ன, வழக்கம்போல அளந்துடறேன். வாங்க, காப்பி சாப்பிடுவம்."

காப்பிக்கு ரெத்தினம் காசு கொடுத்தார்.

இதற்கிடையில் மதுரத்தின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. யோகோஹாமாவில் மழை. கப்பலில் தயிர் கிடைக்கிறது, ஆனால் தித்திக்கிறது. கப்பலின் நீச்சல் குளம் இடுப்பளவு ஆழம்தான், டியூப் தேவையில்லை. எந்தக் கடிதத்திலும் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஏன் வரவில்லை என்று அவள் ஒரு வரி கேட்டிருந்தால் அவரிடம் பதினோரு பக்கம் பதில் இருந்தது.

ஜூன் முதல் தேதி அவள் வீட்டுக்கு வந்தாள். கறுத்திருந்தாள், கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். கேஸ் கதையை அவர் ஒன்று விடாமல் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தார். "நெல் அளந்தானோல்லியோ, சரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அடுத்த நாளிலிருந்து பழையபடி உறை ஊற்றினாள். கடலைப் பற்றி அண்டை அயலாரிடமெல்லாம் பேசினாள், அவரிடம் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. ஊஞ்சலில் உட்காருவதையும் விட்டுவிட்டார்.

அப்புறம்தான், அவள் வந்து இரண்டு வாரம் கழித்து, வழியில் எங்கோ சிக்கிக் கிடந்த கடைசிக் கடிதம் வந்தது. போர்ட் சையத் முத்திரை. மதுரம் மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று படித்தார்.

'இது வருவதற்கு முன் நானே வந்துவிடுவேன் என்று ஆனந்தம் சொல்கிறாள். பரவாயில்லை. நேரில் கேட்டால் யோசிச்சுச் சொல்றேன் என்பீர்கள். உங்கள் நாற்காலியில் ஆனந்தம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழகா இருக்கு, அழகா இருக்கு என்கிறாள். இங்கே எத்தனை ஆழம், அந்த மலை எத்தனை மைல் என்று கப்பல்காரனைப் பிடுங்கி எடுக்க ஆள் இல்லை. பாதிக் கடல் எனக்குப் பிடிபடவே இல்லை. அடுத்த வருஷம் ஆப்பிரிக்கா பக்கம் ஒரு கப்பல் போகிறதாம். சலுகை கிடையாது, பாதிப் பணம் நாம் போட வேண்டும். சாமாவுக்கு ஒரு டிக்கெட் என்று எழுதட்டுமா, இரண்டு என்று எழுதட்டுமா? இதற்கு மட்டும் வக்கீலைக் கேட்காதீர்கள்.'

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாகேஸ்வரன் மாடி ஏறினார்.

"ரெண்டு" என்றார், மூச்சிரைக்க.

"என்ன ரெண்டு?"

அவர் கடிதத்தைக் காட்டினார். மதுரம் மாவுக் கையோடு அதை எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து இன்னும் நாலு வடாம் பிழிந்தாள்.

"நிலத்தை யார் பாத்துப்பா?"

"ரெத்தினம் பாத்துப்பான்."

"அந்தக் கோட்டு வேண்டாம்னா. ஆப்பிரிக்காவுல வெயில்."

அவர் கீழே இறங்கி வந்தார். யூசுப் தைத்த கோட்டின் மூன்றாவது பையிலிருந்து பேனாவை எடுத்து, உறையின் மூலையில் வழக்கம்போல் எழுதினார்: வந்து சேர்ந்தது, 1982 ஜூன் 17.