அம்மியைத் தின்ற புளி

கல்லைப் பற்றிப் பேசுவதென்றால் என்னிடம்தான் பேச வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. கல்லுடைக்கிற குடும்பத்தில் பிறந்தவன். கோலாலம்பூருக்கு வந்ததும் பத்துமலைப் பக்கத்தில் வெள்ளைக்கல் உடைக்கும் வேலையில் சேர்ந்தேன். நாலே வருடத்தில் பத்துப் பேரை வேலை வாங்குகிற மண்டோர் ஆகிவிட்டேன். ஒரு பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து அது எங்கே பிளக்கும் என்று சொல்வேன். சொன்ன இடத்தில் பிளக்காவிட்டால் சம்மட்டி பிடித்தவனைத் திட்டுவேன். அப்படிப்பட்ட நிபுணன்.

பிரிக்பீல்ட்சில் ரயில் பாதையை ஒட்டி ஆறு வீடுகள் கொண்ட ஒரு லயனில் எனக்கு வீடு கிடைத்திருந்தது. வீடு கிடைத்த தைரியத்தில் மனைவியைக் கப்பலில் வரவழைத்தேன். அவள் கால் வைத்த அன்று ஆரம்பித்த மழை மூன்று வாரம் விடவில்லை. ஜாடியில் வைத்த உப்பு தண்ணீராயிற்று. காயப்போட்ட அப்பளம் சாயங்காலம் ஆப்பம் மாதிரி மடிந்தது. கூறைப்புடவையில் பூசணம் பூத்தது. என் தோல் செருப்பில் பச்சையாக எதுவோ முளைத்திருந்ததை ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் போட்டாள். இந்த ஊரில் எல்லாமே ஊறிப் போகிறது, இன்னும் ஒரு வருடம் இருந்தால் நானும் ஊறிப் போவேன் என்றாள். எதுவேண்டுமானாலும் ஊறட்டும், கல் ஊறாது என்று நான் சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

சொன்னதை நிரூபிப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாலாக் செலாத்தான் போகிற வழிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பாதை போடுவதற்காக ஒரு மேட்டை வெட்டியிருந்தார்கள். வெட்டிய சுவரில் கருங்கல் தெரிந்தது. எங்கள் ஊர்க் கருங்கல்லேதான். அதே புள்ளிகள், அதே வெள்ளை வரி, வெடிப்புக் கோடுகள்கூட அப்படியே இருந்தன. பார்த்துக்கொள் என்று கையை நீட்டினேன். அவள் குடையின் நுனியால் மெதுவாக ஒரு குத்துக் குத்தினாள். குடை பாதிவரை உள்ளே போயிற்று. பிறகு கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். கருங்கல், புட்டு மாவு போல அவள் விரல்களுக்கிடையில் உதிர்ந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்றாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த அவமானத்துக்குப் பிறகு அந்த வெட்டுமேட்டுக்குப் பல தடவை தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். கருங்கல் என்பது ஒரே சரக்கு இல்லை, மூன்று நாலு சரக்கு சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு நாலு மழை பெய்யும், கல் நனைந்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இங்கே கல் காய்ந்து முடிப்பதற்குள் மறுபடி நனைகிறது. மேலே காட்டில் மட்குகிற இலைதழையில் ஊறிய தண்ணீர் லேசாகப் புளித்துக் கீழே இறங்கி, வெடிப்பில் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. கல்லில் இருக்கும் வெள்ளைச் சரக்கு அதில் ஊறி ஊறிக் களிமாவாகிறது. கருப்புச் சரக்கு துருப்பிடித்துச் சிவக்கிறது. கண்ணாடி மாதிரி இருக்கிற மணிகள் மட்டும் எதற்கும் மசியாமல் மணலாக நிற்கின்றன. மாவும் துருவும் மணலும் கலந்து, மேலே நாலு இலை மட்கி, புழு குடியேறினால் அதற்குப் பெயர் மண். கல் தன் இடத்தை விட்டு ஓரடி நகராமல், நின்ற கோலத்திலேயே மண்ணாகிவிடுகிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அடுத்த சண்டை அம்மியால் வந்தது. லயனில் ஆறு வீட்டுக்கும் ஒரே அம்மி. அதற்கு முறை உண்டு. கடைசியாக வந்தவளுக்குக் கடைசி முறை. முன்னால் ஐந்து வீட்டுக் கருவாடும் அரைபட்ட கல்லில் எங்கள் வீட்டுத் தேங்காய்த் துவையல் அரைபடும். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது அவள் டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகிறேன் என்றாள். கப்பல் என்ன, கூப்பிட்ட இடத்தில் நிற்கிற மாட்டு வண்டியா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பத்து நாளில் உனக்கென்று ஒரு அம்மி செய்து தருகிறேன் என்று கெஞ்சினேன். பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"சரி, அந்த அம்மி தேயுற வரைக்கும் இருக்கேன். தேஞ்சிட்டா என்னைக் கப்பல் ஏத்திடணும். சத்தியம் பண்ணுங்க."

உடனே கையடித்துச் சத்தியம் செய்தேன். எங்கள் பக்கத்தில் ஒரே அம்மியில் கொள்ளுப்பேத்தி காலம்வரை அரைப்பார்கள். அம்மி தேய்ந்து ஒருத்தி ஊர் திரும்பினாள் என்று கேள்விப்பட்டதே இல்லை. அவளும் அப்படி நினைத்துத்தான் கேட்டிருப்பாள், மானத்தோடு இருந்துவிட ஒரு வழி தேடினாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஆள் எவனும் அம்மியைக் கருங்கல்லில்தான் கொத்துவான். கருங்கல்லைக் கொத்துவது உயிரை வாங்கும் வேலை, ஒரு நாளில் நாலு உளி மழுங்கும். எனக்கோ பத்து நாள்தான் தவணை. மலையில் வெள்ளைக்கல் வேண்டிய மட்டும் கிடந்தது. இட்லி நிறத்தில், சாம்பல் வரி ஓடி, உளிக்கு வெண்ணெய் மாதிரி இணங்கும். எட்டே நாளில் கொத்தி முடித்தேன். குழவிக்கு மட்டும் பாதை போட வந்த கருங்கல்லில் ஒரு துண்டு. வெள்ளை அம்மியும் கருப்புக் குழவியுமாக அதைக் கொண்டுவந்து இறக்கியபோது லயனே கூடி நின்று பார்த்தது. நான் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு தோரணையாக நின்றேன். வாயில் இருந்த வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு இதே வெள்ளைக்கல்லைச் சூளையில் வேகவைத்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் மாதம் துவையலில் நறநறவென்று ஏதோ கடிபட்டது. அரிசியில் கல் என்றேன். அரிசியே போடாத துவையலில் அரிசிக் கல் எப்படி வரும் என்று அவள் கேட்டாள். அம்மியின் பளபளப்பு போய், நடுவில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. கைபட்டுப் பழகுகிற வரை அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன்.

விஷயம் எனக்குப் புரிந்தது ஒரு மதியச் சாப்பாட்டில். மலையடிவாரத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது எலுமிச்சை ஊறுகாய்ச் சாறு புதிதாய் உடைத்த கல்தூளின் மேல் சிந்தியது. தூள் சுறுசுறுவென்று நுரைத்தது. பக்கத்தில் என்னோடு வேலை செய்கிற சீனக் கூட்டாளி உட்கார்ந்திருந்தான். என் வெள்ளை அம்மியின் பெருமையை ஒரு மாதம் அவன் காதில் ஓதியிருக்கிறேன். அவன் நுரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வீட்டில் புளிப்பு ஏதாவது அரைப்பீர்களா என்று சந்தையில் எல்லோரும் பேசுகிற பாசார் மலாயில் கேட்டான். எங்கள் வீட்டில் புளி சேராத பண்டம் பாயசம் ஒன்றுதான். அவன் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

அன்று நிமிர்ந்து பார்த்தபோது மலை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பாறை முகத்தில் மேலிருந்து கீழாக ஓடிய பள்ளங்கள், உள்ளே குடைந்த குகைகள், கூரையில் தொங்கிய கல் விழுதுகள் எல்லாம் மழை செய்த வேலை. காற்றிலும் இலைக்குப்பையிலும் லேசான புளிப்பை வாங்கிக்கொண்டு வந்த மழை, உப்பைக் கரைக்கிற மாதிரி இந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு போகிறது. கரையாத அழுக்கு மட்டும் சிவப்பு மண்ணாக வெடிப்புகளில் தங்குகிறது. அந்த மண்ணில் ஒரு விதை விழுந்து, வேர் இறங்கி, வெடிப்பை இன்னும் அகலமாக்குகிறது. மலைக்கு யுகம் யுகமாக நடக்கிற காரியத்தை என் மனைவி ரசத்தாலும் துவையலாலும் ஒரு வருடத்தில் நடத்திக்கொண்டிருந்தாள். போதாததற்கு நான் வேறு கருங்கல் குழவியைக் கொடுத்திருந்தேன். புளி இளக்கியதைக் குழவி வழித்தது.

அம்மி தேய்ந்தால் கப்பல் ஏற்றுகிறேன் என்று சத்தியம் செய்தவன் நான். அன்று முதல் புளி எனக்கு ஆகவில்லை என்று ஆரம்பித்தேன். மூட்டு வலி என்றேன், பித்தம் என்றேன். அவள் கவலையோடு கேட்டுக்கொண்டாள். மறுநாள் புளிக்குழம்பு வைத்தாள். ராத்திரிக்கு மாங்காய்த் துவையல். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அம்மிக்கு முன்னால் நின்று, பள்ளம் விரல் கணு அளவா, அதற்கு மேலா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

ஒரு நாள் பெருமழையால் வேலை நின்று மத்தியானமே வீடு திரும்பினேன். பின்வாசலில் அவள் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மி. அதன் மேல் மிளகாய் இல்லை, தேங்காய் இல்லை, குழவிகூட ஓரமாகக் கிடந்தது. கரைத்த புளியை மட்டும் கெட்டியாக, விளிம்பு முதல் விளிம்பு வரை பூசியிருந்தாள். அது மெல்ல நுரைத்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி முறத்தைத் தட்டினாள். கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அதுவரை விளையாட்டாக இருந்தது அன்று வலித்தது. அம்மி தேய்வது என் முட்டாள்தனம் என்று நினைத்திருந்தேன். அவள் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கவில்லை. ஒரு வருடம் நான் போட்ட சோறும், சொன்ன கதையும், காட்டிய ஊரும் அவளுக்குப் போதவில்லை.

மறுவாரம் கருங்கல் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஊறாத கல், நடுப்பாறை, தட்டினால் மணிபோல ஒலிப்பது. மதிய ஓய்வில் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆயிற்று. மழுங்கிய உளிகளைச் சீனக் கூட்டாளி தீட்டிக் கொடுத்தான், இந்தத் தடவை சிரிக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொல்லையில் கீரை வந்திருந்தது, அது தெரியும். எங்கள் பகுதி செங்கல் அறுக்கிற களிமண். புல்லே யோசித்துத்தான் முளைக்கும். ஆனால் அம்மி கழுவின தண்ணீர் ஓடுகிற இடத்தில், கல்தூளும் அடுப்புச் சாம்பலும் காய்கறித் தோலும் கலந்து மண் பொலபொலவென்று ஆகியிருந்தது. அதில் தண்டுக்கீரை இடுப்பளவு நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் "அக்கா, ஒரு பிடி" என்று வந்து கேட்பார்கள். இவள் அதிகாரமாக உட்கார்ந்து பறித்துக் கொடுப்பாள்.

அம்மி முடிந்தது. கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தேன். லயன் கண்ணில் பட்டபோதுதான் உறைத்தது. இந்தக் கல்லை எந்தப் புளியும் தொடாது. இதை வீட்டில் இறக்கினால் அவள் போகவே முடியாது. சத்தியத்தை நான் காப்பாற்றுவது போலவும் இருக்கும், அவளைப் பூட்டி வைத்தது போலவும் இருக்கும். பூட்டி வைத்த பெண்டாட்டி எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கொல்லைக்குப் போனேன். அவள் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளைக்கல் என் சோம்பேறித்தனம் என்றேன். புளி பூசியதைப் பார்த்தேன், கோபம் இல்லை, வருத்தம்தான் என்றேன். வாசலில் ஒரு கருங்கல் அம்மி இருக்கிறது, அது நம் ஆயுசுக்கும் தேயாது, அதனால் உன்னைக் கேட்காமல் இறக்க மாட்டேன் என்றேன். கடைசியாக ஒன்று சொன்னேன்.

"போறேன்னா சொல்லு புள்ள. அடுத்த கப்பலுக்கே டிக்கெட் எடுத்திடுறேன்."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். பழைய வெள்ளை அம்மியைக் காட்டினாள். அது காய்ந்து, சுத்தமாக இருந்தது. பக்கத்தில் ஒரு மண்சட்டி, அதில் புளி ஊறிக்கொண்டிருந்தது.

"புளியைச் சட்டியில கரைக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசமாச்சு. தினம் காலையில கல்லு முன்னாடி நின்னு அப்படி என்னத்தைப் பாத்தீங்க?"

பள்ளத்தைப் பார்த்திருக்கிறேன், அது ஆழமாகாமல் நின்றுபோனதைப் பார்க்கவில்லை. அவள் கீரைப் பாத்தியின் ஓரத்துக்கு நடந்தாள். அங்கே நாலு தண்டுகளைப் பறிக்காமல் விட்டிருந்தாள். அவை முற்றி, கதிர் வைத்துத் தலை சாய்ந்திருந்தன. ஒரு கதிரை உள்ளங்கையில் உதிர்த்து என்னிடம் நீட்டினாள். கடுகைவிடச் சின்னக் கருப்பு விதைகள்.

"இதையாச்சும் பாத்தீங்களா? விதைக்கு விட்டிருக்கேன்."

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த விதைப்புக்கும் இங்கேதான் இருப்பேன் என்று அவள் சொல்லி இரண்டு மாதமாகியிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.