சிங்கப்பூரோடு திரும்புகிற கப்பல்

தேசப்படத்தை மேசைமேல் விரித்து, மூலைக்கொரு கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டுத்தான் தணிகாசலம் காபியைக் கையில் எடுப்பார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்த வீட்டில் வேறு எதுவும் நடக்காது. கொழும்பில் ஒரு குண்டூசி, பினாங்கில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. மூன்றையும் சிவப்பு நூலால் இணைப்பார். சிங்கப்பூர் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே கொழும்புக்குத் திருப்புவார்.

"வுவாலா! பாத்தீங்களா, முப்பத்தஞ்சு நாளு. எல்லாம் வெய்யில் ஊரு சார். பிரெஞ்சு தேசத்துல மார்செய்ப் பக்கம் போனா ஐப்பசியிலயே பல்லு தந்தியடிக்கும். நமக்கு அது வேணாம்."

வயது அறுபத்திரண்டு. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷமான பிறகும் வெள்ளை டிரில் கால்சட்டையும் தொப்பியும் இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோன் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் சுங்கக் குமாஸ்தா. உலகச் சண்டை ஓய்ந்த மறு வருஷம் ஊர் திரும்பியவர். நாங்கள் எதிர்வீட்டுக்காரர்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் கப்பல் அட்டவணையை என்னிடமும் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்வார்.

மனைவி ஜெயம் தவளக்குப்பத்துக் குடியானவர் வீட்டுப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. குழந்தைகள் இல்லை. கணவர் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து போக, அந்த அம்மாள் மாமனாரையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும் நடுவே உள்ள ஆறு மைல்தான் அவர் செய்த பயணம்.

"இருவத்திரண்டு வருசம் இவள வுட்டுட்டு இருந்தேன் சார். கண்ண மூடுறதுக்குள்ள நாலு ஊரு காட்டிடணும்" என்பார் தணிகாசலம்.

அதற்கான ஒத்திகை சாயங்காலங்களில் நடக்கும். கடற்கரை வீதியில், புயலில் இடிந்த கப்பல் பாலத்துத் தூண்கள் தெரியும்வரை ஜெயத்தம்மாளை நடத்திக் கூட்டிப்போவார். "கால அகட்டி வை ஜெயம். கப்பல்ல தரை ஆடும்."

"இங்க ஆடலீங்களே."

"ஆடுதுன்னு நெனைச்சிக்க."

அம்மாள் நினைத்துக்கொண்டு நடப்பார். மணலில் உட்கார்ந்திருக்கும் மீனவப் பெண்கள் சிரிப்பார்கள். அவர்களைப் பார்த்துத் தணிகாசலம் தொப்பியை லேசாகத் தூக்கிக் காட்டுவார். தலைசுற்றலுக்கு நார்த்தங்காய், கொழும்பில் கோயிலுக்குப் போகப் பட்டுப்புடவை, மற்ற ஊர்களுக்குக் கைத்தறி என்று எல்லாம் முடிவாகிவிட்டது. கம்பளி மட்டும் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் வாயை விட்டேன். "சிங்கப்பூர் வரைக்கும் போகிறீர்கள். அதே கப்பல்தானே அடுத்து சைகோனுக்குப் போகிறது? நீங்கள் இருந்த ஊரை அம்மாளுக்குக் காட்ட வேண்டாமா?"

உள்ளே அம்மியில் அரைக்கும் சத்தம் நின்றது.

"அங்க என்னா இருக்குது?" என்றார் தணிகாசலம். "ஒண்ணுமில்ல." தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். படத்தை மடிக்கும்போது பினாங்கு ஊசி விரலில் குத்திவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் மேசை வெறுமையாகக் கிடந்தது.

மூன்றாம் வாரம் அவரே வந்து கூப்பிட்டார். டிக்கெட் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டுமாம். மூவரும் கப்பல் ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா ராமலிங்கத்தின் மேசைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. தணிகாசலம் அதில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். ஜெயத்தம்மாள் அவருக்குப் பின்னால் நின்றார்.

"ரெண்டு பேரு. சிங்கப்பூர் வரைக்கும்தானே?" என்றார் ராமலிங்கம்.

"சைகோன்னு போடுப்பா" என்றார் ஜெயத்தம்மாள்.

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ராமலிங்கம் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து, தணிகாசலத்தின் தலை 'சரி' என்று ஒருமுறை அசைந்தது.

"அப்போ சைகோன்ல தங்குற விலாசம் எழுதணும் மிசியே."

பேனா காகிதத்தைத் தொட்டபடி நின்றது. மை ஒரு பொட்டாகப் பரவியது. அவர் எழுதவில்லை.

"மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி தெரு. பதினேழாம் நம்பரு" என்றார் ஜெயத்தம்மாள். பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல நிதானமாகச் சொன்னார். "பேரு கிளோதின்."

"ஜெயம்..." தணிகாசலம் மறுபடி திரும்பினார். "ஒனக்கு எப்பிடி...?"

"போன மழைக்காலத்துல தபால்காரன் சைகோன் கடுதாசிய எங்கிட்டத்தான் குடுத்தான். பிரெஞ்சு தெரிஞ்ச தையக்கார மரி-க்ளேரம்மா பிரிச்சிப் படிச்சிச் சொன்னாங்க. திரும்ப ஒட்டி ஒங்க மேசையில வச்சேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." ஒரு கணம் நிறுத்தினார். "தாயி செத்து, அது ஒண்டியா கெடக்குதாம். ஒரு தடவ வந்து பாருங்கன்னு எழுதியிருந்துது. நீங்க சிங்கப்பூரோட திரும்புறதுக்கு வழி பாக்குறீங்க."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. விஷயம் புரியாத ராமலிங்கம் விண்ணப்பத்தை மறுபடி பார்த்தார். "ஒறவு மொறைன்னு ஒரு கட்டம் இருக்குது. என்னான்னு போடட்டும் அம்மா?"

ஜெயத்தம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"பொண்ணுன்னு போடு" என்றார். "எங்க பொண்ணு."

தணிகாசலம் பேனாவை மேசைமேல் வைத்தார். மெதுவாக எழுந்தார். கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்து, இரண்டு கைகளாலும் பிடித்து மனைவியின் பக்கம் நகர்த்தினார். அம்மாள் உட்கார்ந்த பிறகு, அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.