பரவைத் தோட்டத்தில் எங்கள் சாமிப்பெட்டி

யுத்தம் தொடங்கிய பின் வந்த முதல் மாசி. சிவராத்திரிக்கு எட்டு நாள் இருந்தது. பரவைக்கு அப்பால் மாந்தோப்புக்குள் இருக்கும் பழம்பொருள் காட்சிச்சாலைக்கு அண்ணனும் நானும் போனோம். வேடிக்கை பார்க்க அல்ல. நான் கொடுத்ததைத் திரும்பக் கேட்க.

கொடுத்தது எங்கள் பங்காளிகளின் சாமிப்பெட்டி. சிவராத்திரியன்று வீட்டுக்கு மூத்தவர், எங்கள் வீட்டில் அண்ணன், அதைத் தலையில் சுமந்து கோயிலுக்கு நடப்பார். பூசாரி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திறந்து, உள்ளிருக்கும் சாமியின் சலங்கையையும் அரிவாளையும் எடுப்பார். மற்ற நாளில் யாரும் திறக்கக்கூடாது. அண்ணன் கொழும்பில் கடைவேலைக்குப் போயிருந்தபோது பெட்டி என் பொறுப்பில் இருந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார். காட்சிச்சாலைப் பெரியவர் ஊர் ஊராகப் பழம்பொருள் கேட்டு வந்தார். நாலெழுத்து படித்த திமிரில், போன சிவராத்திரி முடிந்த கையோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். பங்காளிகளிடம் பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்று பொய் சொன்னேன்; ஊர் திரும்பிய அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

திருமங்கலத்தில் காலை ஆறரை பஸ். மதுரை பதின்மூன்று மைல், தலைக்கு மூன்றணா. சிம்மக்கல்லில் நான் இட்லி தின்றேன், அண்ணன் விரதம். எட்டேகால் பஸ்ஸில் பரவைக்கு ஆறு மைல், ஒன்றரையணா. பிறகு கால்மணி நடை. வழி கேட்டதற்கு ஒரு மாட்டுவண்டிக்காரர், "அந்த ஓட்டை உடைசல் பங்களாவா? நேரா போங்கண்ணே. அம்புட்டுப் பழசையும் வச்சு என்னதான் செய்யிறாகளோ!" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை.

ஒரு ஜமீன் குடும்பம் கோடைக்குத் தங்கிய தோட்டவீடு அது. குதிரை லாயத்தில் கலப்பைகள், நடுக்கூடத்தில் சலங்கைகள், சாப்பாட்டு அறையில் அரிவாள்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் நல்ல மனிதர். "உங்க சாமி, தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். பெட்டியை அண்ணன் உடனே கண்டுகொண்டார். அடிப்பலகையில் அவருடைய தலைத்துண்டு உரசிய தேய்மானம் இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. உள்ளிருந்ததையெல்லாம் இனம் பிரித்து அறை அறையாக வைத்திருந்தார்கள். எங்கள் சலங்கை நாற்பது சலங்கைகளுக்குள் எங்கோ கிடந்தது.

"எது நம்மளுது தம்பி?"

சீட்டுகளைப் பார்த்தேன். 'சலங்கை, மதுரைப் பக்கம்.' எல்லாவற்றிலும் அதேதான், என் கையெழுத்தில். அன்று பெட்டியைத் திறந்து அடுக்கிக் கொடுத்ததும், பெரியவர் மற்ற ஊர்களில் வாங்கிவந்த சலங்கைகளுக்கும் சேர்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்ததும் நான்தான். பெரியவர் என் எழுத்தைப் புகழ்ந்த பூரிப்பில் எந்த ஊர், யார் வீடு என்று எழுதவே இல்லை.

"ஏதாச்சும் ஒண்ணை எடுத்துக்கிருவோம்ணே."

"தப்பா எடுத்தா அது இன்னொருத்தன் சாமியில்லடா?" என்றார் அண்ணன். பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. வீட்டுப் பொருளைக் கொடுப்பதானால் வீட்டில் எல்லோரையும் கேட்டுக் கொடுங்கள். சீட்டில் ஊர்ப்பெயரைப் போடச் சொல்லுங்கள். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாது. சாமிப்பெட்டி வண்டியில் ஏறக்கூடாது, தலையில்தான் வர வேண்டும். பத்தொன்பது மைலும் நடந்தோம்.

பசுமலை தாண்டியதும் கேட்டேன், "கனக்குதாண்ணே? மாத்திக்கிறவா?"

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. "வெறும் பெட்டிதான தம்பி. ஒண்ணும் கனக்கல."